இலை எத்தனை? உலை எத்தனை?

1. இரண்டு பயம்

கலியாண வீட்டில் இரண்டு பயம் உண்டு. சாப்பாடு போதாமல் போய்விடுமோ என்பது ஒரு பயம். மீந்து வீணாகிவிடுமோ என்பது இன்னொரு பயம்.

போதாமல் போனால் அவமானம். பத்து வருடம் கழித்தும் பேசுவார்கள். மீந்து போனால் கடன். அதை யாரும் பேசமாட்டார்கள். வட்டி கட்டுகிற வீட்டுக்கு மட்டும் அது தெரியும்.

முதல் பயத்தைப் பார்த்துப் பலர் இரண்டாவதில் விழுகிறார்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று கூடுதலாகச் சமைக்கிறார்கள்.

இந்த இரண்டு பயத்துக்கும் மருந்து ஒன்றுதான். அது கணக்கு. ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும். எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் இந்தக் கணக்கைப் போடலாம்.

எப்படிப் போடுவது? ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்.

2. தங்கவயலில் ஒரு குடும்பம்

கர்நாடகத்தில் கோலார் மாவட்டம் இருக்கிறது. அங்கே கோலார் தங்கவயல் இருக்கிறது. பூமிக்கு அடியில் தங்கம் எடுத்த ஊர் அது. 1880களில் வெள்ளைக்காரக் கம்பெனி அங்கே பெரிய அளவில் சுரங்க வேலையைத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் வேலைக்குப் போயின. கம்பெனி கட்டிய லைன் வீடுகளில் குடியிருந்தன.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசியில் சுரங்கம் மூடப்பட்டது. பல குடும்பங்கள் ஊரை விட்டுப் போயின. இருக்கிறவர்களில் பலர் தினமும் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இருட்டில் போய் இருட்டில் திரும்புகிறார்கள்.

ராணியின் குடும்பமும் அப்படித்தான். கணவர் தேவராஜ் ஒரு காலத்தில் சுரங்கத்தில் இருந்தார். இப்போது பெங்களூரில் காவலாளி வேலை. மகள் கவிதாவும் பெங்களூரில்தான் வேலை செய்கிறாள்.

கவிதாவுக்குக் கலியாணம் முடிவானது. சனிக்கிழமை இரவு வரவேற்பு. ஞாயிறு காலை முகூர்த்தம். காலைச் செலவை மாப்பிள்ளை வீட்டார் ஏற்றுக்கொண்டார்கள். இரவு வரவேற்புச் சாப்பாடு ராணி வீட்டுப் பொறுப்பு.

ராணி மகளிர் குழுவில் சேமித்து வைத்திருந்தார். தேவராஜ் சீட்டுப் போட்டிருந்தார். சாப்பாட்டுக்கு என்று இரண்டும் சேர்த்து 95,000 ரூபாய் இருந்தது.

3. பெரியவர் சொன்ன கணக்கு

தேவராஜின் அண்ணன் வந்தார். சுரங்கத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவர். அவர் ஒரே வரியில் கணக்கை முடித்துவிட்டார்.

"ஏம்மா ராணி, எத்தனை பத்திரிகை அடிச்சிருக்கே?"

"இருநூறு, மாமா."

"வீட்டுக்கு அஞ்சு பேர். ஆயிரம் பேருக்குச் சமையல் போடு. பிரியாணியோட நிக்காதே. நான், கோபி மஞ்சூரியன், ஃப்ரைடு ரைஸ், ஐஸ்கிரீம் எல்லாம் வை. நம்ம வீட்டு விசேஷத்திலே யாரும் பசியோட போகக் கூடாது."

அவர் சொன்னதில் தப்பு எண்ணம் எதுவும் இல்லை. சுரங்கம் நடந்த காலத்தில் ஒரு லைனே ஒரு குடும்பமாக இருந்தது. ஒரு வீட்டில் கலியாணம் என்றால் அன்றைக்கு அந்த லைனில் அடுப்பு எரியாது. எல்லாரும் பந்தியில்தான் சாப்பிடுவார்கள். அந்தக் காலத்துக்கு அவர் கணக்கு சரி.

இப்போது லைனில் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது? எத்தனை பேர் வேலைக்குப் போய் இரவில் வருகிறார்கள்? பழைய கணக்கு இன்றைக்குப் பொருந்துமா? ராணிக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

அவர் நோட்டை எடுத்து எழுதிப் பார்த்தார். பெரியவர் சொன்ன பண்டங்களோடு ஒரு சாப்பாட்டுக்கு 180 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொண்டார்.

1,000 × 180 = 1,80,000 ரூபாய்.

கையில் இருப்பது 95,000. மீதி 85,000 ரூபாய் கடன் வாங்க வேண்டும். வெளியில் மூன்று வட்டிக்குத்தான் கிடைக்கும். மூன்று வட்டி என்றால் என்ன? 100 ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய்.

85,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 2,550 ரூபாய்.
ஒரு வருட வட்டி 30,600 ரூபாய்.

ஒரு வருடம் வட்டி கட்டிய பிறகும் முதல் அப்படியே நிற்கும். ஒரு ராத்திரி சாப்பாட்டுக்கு இது. ராணி பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

4. தலையை எண்ணுவது எப்படி?

பத்திரிகையை எண்ணினால் தலைக்கணக்கு வராது. ஒரு பத்திரிகைக்கு ஒரு வீட்டிலிருந்து ஐந்து பேர் வருவார்கள். இன்னொரு வீட்டிலிருந்து ஒருவர் மட்டும் வந்து மொய் எழுதிவிட்டுப் போவார். ஆகவே பத்திரிகையை வகை பிரிக்க வேண்டும்.

ராணியும் கவிதாவும் உட்கார்ந்து பெயர்களைப் பிரித்தார்கள்.

லைன்காரர், அக்கம்பக்கம்: 60 பத்திரிகை. வீட்டுக்கு 3 பேர். ஆக 180.

நெருங்கிய உறவு: 40 பத்திரிகை. வீட்டுக்கு 4 பேர். ஆக 160.

தூரத்து உறவு: 50 பத்திரிகை. வீட்டுக்கு 2 பேர். ஆக 100.

வேலை செய்யும் இடத்து நண்பர்கள்: 50 பத்திரிகை. ஒருவர் வீதம் 50.

மாப்பிள்ளை வீட்டார்: இதை ஊகிக்க வேண்டியது இல்லை. கேட்டாலே சொல்லிவிடுவார்கள். தேவராஜ் போன் செய்தார். "இரண்டு பஸ், நூறு பேர்" என்று சம்பந்தி சொன்னார். ஆக 100.

கூட்டினால் 590 வந்தது.

ராணி நோட்டைப் பெரியவரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினார். ஒவ்வொரு பெயராகச் சொன்னார். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். சில பெயர்களுக்கு, "அவங்க இப்போ ஓசூர்லே இருக்காங்க. ஒருத்தர்தான் வருவாரு" என்றார். வேறு சில பெயர்களுக்கு, "குடும்பத்தோட வருவாங்க" என்றார். ஒரு பக்கம் குறைந்தது மறுபக்கம் கூடியது.

கடைசியில் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரிம்மா. சமைக்கிறவங்க, பரிமாறுறவங்க, பஸ் டிரைவர், பாட்டுக் கச்சேரிக்காரங்க, போட்டோக்காரர், மண்டபம் கூட்டுறவங்க, இவங்கள்லாம் எங்கே? வேலை செய்யறவன் வயிறு காயலாமா?"

ராணி அதை எழுதவே இல்லை. உடனே எழுதினார். வேலையாட்கள் 30.

மொத்தம் 620.

இதில் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் சுமார் 100 பேர் இருந்தார்கள். இரண்டு பிள்ளைகள் சாப்பிடுவது ஒரு பெரியவர் சாப்பிடுவதற்குச் சமம். ஆகவே:

பெரியவர்கள் 520. பிள்ளைகள் 100, அதில் பாதி 50. மொத்தம் 570 சாப்பாடு.

கைகாவலுக்கு 30 சேர்த்து 600 என்று முடிவு செய்தார்கள்.

பண்டங்களையும் குறைத்தார்கள். கேசரி, கோழி பிரியாணி, தயிர்ப் பச்சடி, கத்தரிக்காய்க் குழம்பு, வெள்ளைச் சோறு, ரசம், தயிர், வாழைப்பழம். கறி சாப்பிடாதவர்களுக்குக் காய்கறி பிரியாணி. பண்டம் அதிகமானால் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மீதியை இலையிலேயே மூடுவார்கள். பண்டம் கூடக் கூட இலையில் மீதியும் கூடும்.

ஒரு சாப்பாட்டுக்கு 150 ரூபாய் வந்தது.

600 × 150 = 90,000 ரூபாய்.

கையில் இருக்கும் பணத்துக்குள் முடிந்தது. கடன் இல்லை.

5. ஒரு கிலோவில் எத்தனை பேர்?

சமையலுக்கு ராபர்ட்சன்பேட்டையிலிருந்து ஒரு பாய் வந்தார். சாமான் வாங்குவது வீட்டார் பொறுப்பு. சமைப்பது அவர் பொறுப்பு. கூலி எவ்வளவு, உதவிக்கு எத்தனை ஆள், பாத்திர வாடகை யார் தருவது என்று எல்லாவற்றையும் முதலிலேயே பேசி நோட்டில் எழுதினார்கள்.

"பாய், 600 சாப்பாட்டுக்கு எவ்வளவு அரிசி?" என்று ராணி கேட்டார்.

"பிரியாணி மட்டும்னா ஒரு கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் வைக்கணும். பின்னாடி வெள்ளைச் சோறும் ரசமும் இருக்கில்லே? அப்போ ஒரு கிலோவுக்குப் பத்துப் பேர் தாராளம்மா" என்றார் பாய்.

அவர் சொல்லச் சொல்ல ராணி எழுதினார்.

பிரியாணி அரிசி: 10 பேருக்கு 1 கிலோ. 600 பேருக்கு 60 கிலோ. இதில் காய்கறி பிரியாணிக்கு 6 கிலோ. கோழி பிரியாணிக்கு 54 கிலோ.

கோழிக்கறி: 1 கிலோ அரிசிக்கு 1 கிலோ கறி. ஆக 54 கிலோ.

வெள்ளைச் சோற்றுக்கு அரிசி: 25 பேருக்கு 1 கிலோ. ஆக 24 கிலோ.

ரசம்: 15 பேருக்கு 1 லிட்டர். ஆக 40 லிட்டர்.

தயிர், பச்சடிக்கும் சேர்த்து: 10 பேருக்கு 1 லிட்டர். ஆக 60 லிட்டர்.

கேசரிக்கு ரவை: 80 பேருக்கு 1 கிலோ. ஆக ஏழரைக் கிலோ.

வாழை இலை: கிழிசல் போக 650.

குடிதண்ணீர்: இதற்குப் பிள்ளைகளையும் முழுசாக எண்ண வேண்டும். ஒருவருக்கு அரை லிட்டர். 620 பேருக்கு 310 லிட்டர். 20 லிட்டர் கேன் என்றால் 16 கேன். வெயில் காலமானால் இன்னும் கூடுதலாக வேண்டும். சமைக்க, கழுவ, கை அலம்ப வேண்டிய தண்ணீர் தனி.

இந்த அளவு பொதுவானது. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். உங்கள் ஊர்ச் சமையல்காரரைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பிரியாணி இல்லாமல் இலைச் சாப்பாடு போடுகிறீர்களா? அப்போது 100 பேருக்கு 12 முதல் 15 கிலோ அரிசி வேண்டும். சாம்பாருக்குத் துவரம் பருப்பு 3 கிலோ. ஒவ்வொரு பொரியலுக்கும் காய் 7 கிலோ. பாயசம் 8 முதல் 10 லிட்டர். தயிர் 6 முதல் 8 லிட்டர்.

6. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சமைக்க வேண்டாம்

"600 பேர்னு எழுதிட்டோம். 700 பேர் வந்துட்டா? 500 பேர்தான் வந்தா?" என்று தேவராஜ் கவலைப்பட்டார்.

பாய் சிரித்தார். "அண்ணே, அரிசியை வாங்கி வையுங்க. எல்லாத்தையும் உலையிலே போடாதீங்க. உலையிலே போடாத அரிசி எங்கேயும் போகாது. நாளைக்கும் அது அரிசிதான். வெந்துட்டா ராத்திரியோட சரி."

அவர் ஒரு வழி சொன்னார். முதலில் 450 சாப்பாடு. அதற்கு 45 கிலோ பிரியாணி அரிசி. மீதி 15 கிலோ மூட்டையிலேயே இருக்கட்டும். மசாலா மட்டும் தயாராக இருக்கட்டும். கூட்டத்தைப் பார்த்து இரண்டாவது அண்டாவை ஏற்றலாம். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான்.

கறிக்கு என்ன செய்வது? முன்பே வெட்டி வைத்தால் கெட்டுப்போகும். தேவராஜ் மண்டபத்துக்குப் பக்கத்துக் கோழிக்கடையில் பேசி வைத்தார். "சாயங்காலம் போன் பண்ணுவேன். அப்போ சொல்ற அளவுக்கு மட்டும் வெட்டிக் கொடுங்க" என்றார். கடைக்காரர் ஒப்புக்கொண்டார்.

மளிகைக் கடையிலும் பேசினார்கள். பிரிக்காத மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொன்னார். அரிசியை 5 கிலோப் பைகளாக வாங்கினார்கள்.

7. பந்திக் கணக்கு

சாப்பாடு போதுமானதாக இருந்தால் மட்டும் போதாது. நேரத்துக்கு இலை போட வேண்டும். மூன்றாவது பந்திக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்தவருக்குப் பிரியாணி ருசிக்காது.

மண்டபத்தில் ஒரு பந்திக்கு 100 பேர் உட்காரலாம். ஒரு பந்திக்கு இலை போட்டு, பரிமாறி, எடுத்துத் துடைக்க 40 நிமிடம் ஆகும்.

600 பேருக்கு 6 பந்தி. 6 × 40 = 240 நிமிடம். அதாவது 4 மணி நேரம். ஏழு மணிக்குத் தொடங்கினால் பதினொரு மணி ஆகும்.

ராணி பக்கத்துத் தாழ்வாரத்திலும் மேசை போடச் சொன்னார். இப்போது ஒரு பந்திக்கு 150 பேர். 4 பந்தி போதும். 4 × 40 = 160 நிமிடம். அதாவது 2 மணி 40 நிமிடம்.

முதல் பந்தி 7.00. இரண்டாவது 7.40. மூன்றாவது 8.20. நான்காவது 9.00.

நான்காவது பந்தி யாருக்கு? பெங்களூரிலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்கு. சனிக்கிழமையும் அவர்களுக்கு வேலை உண்டு. இறங்கி, முகம் கழுவி, மண்டபத்துக்கு வர நேரமாகும். கடைசியில் வருகிறவருக்கும் கறி இருக்க வேண்டும். அடித்தட்டுச் சோறு மட்டும் இருக்கக் கூடாது. இதையும் ராணி நோட்டில் எழுதி வைத்தார்.

8. அன்று இரவு

பெரியவருக்கு ஒரு பொறுப்புக் கொடுத்தார்கள். இலையை எண்ணும் பொறுப்பு. அவர் இலைக் கட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் கையைத் தாண்டி ஓர் இலை போகவில்லை.

முதல் பந்தியில் 150 இலை. இரண்டாவது பந்தியில் 150 இலை. ஆக 300.

மணி 7.45. ராணி நோட்டோடு வந்தார். மண்டபத்துக்குள் காத்திருப்பவர்களைக் கவிதாவின் சித்தி வரிசை வரிசையாக எண்ணிச் சொன்னார். 110 பேர். இரண்டையும் சேர்த்தால் 410.

இன்னும் யார் வரவேண்டும்? நோட்டைப் பார்த்தார்கள். ரயிலில் வரவேண்டியவர்கள் சுமார் 100. வேலையாட்கள் 30.

410 + 100 + 30 = 540.

வெந்திருப்பது 450. இன்னும் 90 வேண்டும். "10 கிலோ போடுங்க பாய்" என்றார் ராணி. தேவராஜ் கோழிக்கடைக்குப் போன் செய்தார். 10 கிலோ கறி வந்தது. இரண்டாவது அண்டா அடுப்பில் ஏறியது. மீதி 5 கிலோ அரிசிப் பையை யாரும் பிரிக்கவில்லை.

ஒன்பது மணிக்கு ரயில்காரர்கள் வந்துவிட்டார்கள். நான்காவது பந்தி தொடங்கியது. புது அண்டா அப்போதுதான் தம் உடைத்துத் திறக்கப்பட்டது. கடைசியில் வந்தவர்களுக்குத்தான் சூடான பிரியாணி கிடைத்தது.

மூன்று பந்தியில் 450 பேர். நான்காவது பந்தியில் 90 பேர். பிறகு வேலையாட்கள் 30 பேர். மொத்தம் 570 பேர் சாப்பிட்டார்கள். 540 என்று கணித்தார்கள். 30 பேர் கூடுதலாகவே வந்தார்கள். ஆனாலும் சாப்பாடு குறையவில்லை. ஏன்? 7.45 மணிக்கு எண்ணியபோது பிள்ளைகளையும் முழு ஆளாகவே எண்ணினார்கள். அந்தப் பாதிச் சாப்பாடுகள் மீந்து, புதிதாக வந்தவர்களுக்குப் போதுமானதாக இருந்தன.

எல்லாரும் சாப்பிட்ட பிறகு அண்டாவில் 25 பேருக்கான பிரியாணி இருந்தது.

பெரியவர் கடைசி இலையில் உட்கார்ந்தார். "ராணி, உன் நோட்டைக் கொடு. அடுத்த மாசம் என் பேரன் காதுகுத்துக்கு வேணும்" என்றார்.

9. ஆயிரம் பேருக்குச் சமைத்திருந்தால்?

ஆயிரம் பேருக்கு 100 கிலோ பிரியாணி அரிசி வெந்திருக்கும். உண்மையில் வெந்தது 55 கிலோ. மீதி 45 கிலோ என்ன ஆகியிருக்கும்?

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013ஆம் ஆண்டு வந்தது. முன்னுரிமைக் குடும்பங்களில் ஓர் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் என்பது அந்தச் சட்டத்தின் அளவு. 45 கிலோ என்றால் 9 பேருடைய ஒரு மாதத் தானியம். அது ஒரே இரவில் குப்பைக்குப் போயிருக்கும். கறியும் எண்ணெயும் தயிரும் அதோடு போயிருக்கும்.

2012ஆம் ஆண்டு பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் அந்நகரத்துக் கலியாண மண்டபங்களை ஆராய்ந்தார்கள். ஒரு வருடத்தில் 943 டன் நல்ல உணவு வீணாவதாகக் கணக்கிட்டார்கள். 943 டன் என்றால் 9 லட்சத்து 43 ஆயிரம் கிலோ. இது ஒரு நகரத்தின் கணக்கு மட்டும்.

நம் நாட்டில் சோறு கிடைக்காத காலமும் இருந்தது. 1965ஆம் ஆண்டு பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விடுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். ஏராளமானவர்கள் அப்படியே செய்தார்கள்.

10. கெடாமல் காப்போம்

அளவு சரியாக இருந்தாலும் உணவு கெட்டால் எல்லாம் வீண். கலியாணச் சாப்பாட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் வாந்தியும் பேதியும் வருவது உண்டு. இவற்றைக் கவனியுங்கள்.

பச்சைக் கறி வெட்டிய கத்தியில் வெங்காயமும் வெள்ளரிக்காயும் வெட்டாதீர்கள். கத்தியும் பலகையும் தனியாக இருக்கட்டும்.

கையில் புண் உள்ளவர், வயிற்றுப்போக்கு உள்ளவர் சமைக்கவும் பரிமாறவும் வேண்டாம். மற்றவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளியும் தயிரும் வைக்காதீர்கள்.

சமைத்ததை மூடிச் சூடாகவே வையுங்கள். ஆறிப்போன கறியும் தயிர் கலந்த பண்டமும் வெயில் காலத்தில் சீக்கிரம் கெடும்.

வீட்டுக்குத் தரும் 14.2 கிலோ கேஸ் சிலிண்டரை விசேஷச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. அது சட்டப்படி தவறு. வணிகத்துக்கான 19 கிலோ சிலிண்டர் தனியாகக் கிடைக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் மணல் வாளியும் ஈரச் சாக்கும் இருக்கட்டும்.

மொத்தச் சமையலையும் கேட்டரிங்காரரிடம் விடுகிறீர்களா? அவரிடம் உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் 14 இலக்க எண் இருக்கும். எத்தனை இலை, ஓர் இலைக்கு எவ்வளவு, கூடுதலானால் என்ன விலை என்று எழுதி வாங்குங்கள்.

மீந்ததை என்ன செய்வது? அதை முன்கூட்டியே யோசியுங்கள். பக்கத்தில் உள்ள முதியோர் இல்லத்திலோ மாணவர் விடுதியிலோ பேசி வையுங்கள். கை படாமல் அண்டாவில் இருப்பதை மட்டும் கொடுங்கள். சூடு ஆறும் முன்னே, அன்று இரவே கொடுங்கள். இலையில் மீந்ததை யாருக்கும் கொடுக்காதீர்கள். மறுநாள் காலை கெட்ட வாசனை வந்த பிறகு கொடுப்பது தானம் ஆகாது.

ராணி வீட்டார் அந்த 25 சாப்பாட்டையும் பத்து மணிக்குள் ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களிடம் மதியமே சொல்லி வைத்திருந்தார்கள்.

11. நினைவில் வைப்போம்

பத்திரிகையை எண்ணாதீர்கள். ஆளை எண்ணுங்கள்.
வேலை செய்கிறவர்களையும் கணக்கில் சேருங்கள்.
இரண்டு பிள்ளைகள், ஒரு சாப்பாடு.
முக்கால் பங்கைச் சமையுங்கள். கால் பங்கை மூட்டையில் வையுங்கள்.
இலையை எண்ண ஓர் ஆளை நிறுத்துங்கள்.
கடைசிப் பந்திக்கும் முதல் பந்தியின் மரியாதை வேண்டும்.

12. கணக்குப் போடுவோம்

1. ஒரு வீட்டில் 80 பத்திரிகை கொடுத்தார்கள். வீட்டுக்கு 3 பேர் வருவார்கள். மொத்தம் எத்தனை பேர்?
2. 400 பேருக்குப் பிரியாணி. 10 பேருக்கு 1 கிலோ அரிசி. எத்தனை கிலோ வேண்டும்?
3. 300 பேர் சாப்பிட வேண்டும். ஒரு பந்திக்கு 75 பேர். எத்தனை பந்தி? ஒரு பந்திக்கு 40 நிமிடம் என்றால் மொத்தம் எவ்வளவு நேரம்?
4. 25,000 ரூபாய் கடன். இரண்டு வட்டி. ஒரு மாத வட்டி எவ்வளவு? ஒரு வருட வட்டி எவ்வளவு?

விடை: 1. 240 பேர். 2. 40 கிலோ. 3. 4 பந்தி, 160 நிமிடம். 4. மாதம் 500 ரூபாய், வருடம் 6,000 ரூபாய்.

13. கலந்து பேசுவோம்

1. பெரியவர் சொன்ன கணக்கு ஒரு காலத்தில் சரியாக இருந்தது. இப்போது ஏன் பொருந்தவில்லை?
2. ராணி எழுத மறந்தது யாரை? உங்கள் ஊரில் அவர்களுக்கு எந்தப் பந்தியில் இலை போடுகிறார்கள்?
3. உங்கள் ஊரில் விசேஷத்துக்கு வாங்கிய கடனை அடைக்க எத்தனை வருடம் ஆகிறது? குழுவில் பேசுங்கள்.
4. உங்கள் வீட்டில் அடுத்து என்ன விசேஷம்? ஒரு தாளை எடுங்கள். வருகிறவர்களை வகை பிரித்து எழுதுங்கள். கூட்டிப் பாருங்கள்.